வடாலாவின் எண்

மகனுக்கு வேலைக்கான நேர்காணல் கடிதம் வர வேண்டும். விண்ணப்பத்தில் முகவரியை நீங்களே எழுதுகிறீர்கள். பெயர் எழுதியாயிற்று. வீட்டு எண்ணும் வடாலா, மும்பை என்பதும் எழுதியாயிற்று. கடைசியாகப் பின்கோடு எழுத வேண்டும். வடாலா தபால் நிலையத்தின் பின்கோடு 400031.

பெரிய எண் என்று பயப்பட வேண்டாம். வாருங்கள், படிப்போம். வலப்பக்கத்திலிருந்து எண்ணுங்கள். ஒன்று, பத்து, நூறு, ஆயிரம், பத்தாயிரம், லட்சம். லட்சத்தின் இடத்தில் 4 இருக்கிறது. பத்தின் இடத்தில் 3. ஒன்றின் இடத்தில் 1. மற்ற மூன்று இடங்களிலும் பூஜ்யம். ஆகவே இது நான்கு லட்சத்து முப்பத்தொன்று.

பூஜ்யம் வெறும் ஒன்றுமில்லாததுதானே, ஒன்றை விட்டால் என்ன? விட்டுப் பாருங்கள். 40031 ஆகிவிடும். நான்கு லட்சம் நாற்பதாயிரமாகச் சுருங்கிவிட்டது! மற்ற இலக்கங்களின் இடத்தைப் பூஜ்யம்தான் காக்கிறது.

பின்கோடு முறை 1972 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. தமிழ்நாட்டு ஊர்களின் எண் 6-இல் தொடங்கும். மகாராஷ்டிரத்து எண் 4-இல் தொடங்கும். 400 என்றால் மும்பை. கடைசி மூன்று இலக்கங்கள் தபால் நிலையத்தைக் காட்டும்.

கடைசி இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதினால் என்ன ஆகும்? 400013 ஆகும். அது லோயர் பரேலின் எண். கடிதம் அங்கே போய்விடலாம். திரும்பி வருவதற்குள் நேர்காணல் நாள் கடந்துவிட்டால்?

இரண்டு எண்களுக்கும் வித்தியாசம் 18. இது ஒன்பதாம் வாய்ப்பாட்டில் வரும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் எப்போதும் இப்படித்தான் வரும். ஏன்? 3 பத்தின் இடத்தில் இருந்தால் 30. ஒன்றின் இடத்துக்கு வந்தால் வெறும் 3. குறைந்தது 27. அதே நேரம் 1 பத்தாகிறது. கூடியது 9. இருபத்தேழில் ஒன்பது போனால் 18.

இது மளிகைக் கணக்குக்கும் உதவும். நீங்கள் குறித்தது 253 ரூபாய். கடைக்காரர் நோட்டில் 235. வித்தியாசம் 18. உடனே சண்டை வேண்டாம். இலக்கம் இடம் மாறியதா என்று முதலில் பாருங்கள்.

இன்னொரு புதுமையும் உண்டு. 400031 தேங்காய்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஒன்று மிஞ்சும். மூன்று பேருக்கு என்றால் இரண்டு மிஞ்சும். எத்தனை பேருக்குப் பங்கிட்டாலும் மிச்சம் வரும். ஒருவரே எல்லாவற்றையும் எடுக்கலாம். அல்லது 400031 பேர் ஆளுக்கு ஒன்று எடுக்கலாம். வேறு வழியில்லை. இப்படிப்பட்ட எண்ணைப் பகா எண் என்பார்கள்.

ஆனால் 400013 தேங்காய்களை 607 பேருக்குப் பங்கிடலாம். ஆளுக்குச் சரியாக 659 கிடைக்கும். இரண்டு இலக்கம் இடம் மாறியதும் எண்ணின் குணமே மாறிவிட்டது, பார்த்தீர்களா?

இன்று உங்கள் வீட்டுக்கு வந்த கடிதம் ஒன்றை எடுங்கள். அதிலுள்ள பின்கோட்டை உரக்கப் படியுங்கள். பிறகு பார்க்காமல் எழுதுங்கள். ஒவ்வொரு இலக்கமும் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.