குருத்துப் பூச்சியின் அந்தரங்க வாழ்வு

பால் பிடித்துத் தலைசாய வேண்டிய பருவத்தில், கழனியில் ஆங்காங்கே சில கதிர்கள் மட்டும் வெளுத்து, மணி பிடிக்காமல் விறைத்து நிற்கும். அவற்றுள் ஒன்றைப் பிடித்து இழுத்தால், எதிர்ப்பேதுமின்றிக் கையோடு வந்துவிடும். வெண்கதிர் எனப்படும் இந்தச் சேதத்திற்குக் காரணம், தண்டின் உட்புறத்தைத் தின்று, கதிருக்கு ஏறும் சாரத்தை அறுத்துவிடும் ஒரு சிறு புழுவேயாகும்.

ஸ்கிர்போஃபேகா இன்செர்டுலாஸ் என்று விஞ்ஞானிகளும், குருத்துப் பூச்சி என்று உழவர்களும் கூறும் அந்துப்பூச்சியின் சந்ததி அது. பெண் பூச்சி மஞ்சள் நிறமும், முன்னிறக்கை ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கரும்புள்ளியும் உடையது. ஆண் பழுப்பு நிறத்தது, உருவிலும் சிறியது. இரவில் சஞ்சரிக்கும் பெண், நெல்லிலையின் நுனியருகே முட்டைகளைக் குவியலாக இட்டு, தன் வயிற்று நுனியிலுள்ள ரோமத்தையே உதிர்த்து அவற்றைப் போர்த்துவிடுகிறது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் வெளிப்படும் புழுக்கள், தாம் சுரந்த நூலிழையில் தொங்கிக் காற்றின் போக்கில் அயல் தூர்களுக்குப் பரவி, இலையுறைக்கும் தண்டுக்கும் இடையே நுழைந்து, பின்னர் தண்டையே துளைத்துக் குடியேறுகின்றன. பெரும்பாலும் தண்டுக்கு ஒரு புழுதான்.

இளம்பயிரில் இது நேர்ந்தால் நடுக்குருத்து காய்கிறது. தூர் கட்டும் பருவமாதலால், புதிதாக வெடிக்கும் கிளைகள் அந்த நஷ்டத்தை ஓரளவு ஈடுசெய்துவிடும். கதிர் வெளிவரும் காலத்தில் நேர்ந்தாலோ, பயிருக்கு அத்தகைய அவகாசம் இல்லை.

தண்டினுள் பிரவேசித்த புழுவைத் தெளிக்கும் மருந்து எளிதில் எட்டுவதில்லை. ஆதலால் அது உட்புகுவதற்கு முன்னும், பூச்சியாகி வெளிவந்த பின்னும் வாய்க்கும் சொற்ப காலமே மனித யத்தனத்துக்கு உரியது. நாற்றின் நுனியைக் கிள்ளிவிட்டு நடுவதனால் முட்டைக் குவியல்கள் வயலுக்குள் வாராமலே அழிகின்றன. டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் என்னும் நுண்ணிய குளவி, குருத்துப் பூச்சியின் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை இட்டு, புழு பிறக்குமுன்பே அதனை மாய்க்கிறது. ஹெக்டேருக்கு ஒரு தடவைக்கு 1 லட்சம் வீதம் இக்குளவிகளை வயலில் விடும் முறை தமிழ்நாட்டில் சிபாரிசு செய்யப்படுகிறது. வளர்ந்த பூச்சிகளை விளக்குப் பொறியும், பெண்ணின் வாசனையை ஒத்த இரசாயனம் வைத்த இனக்கவர்ச்சிப் பொறியும் பிடிக்கின்றன.

அறுவடையோடு இந்தப் பகை தீர்ந்துவிடுவதில்லை. தண்டின் அடியில், மண்மட்டத்துக்குக் கீழும் தங்கிவிடும் புழு, பயிரற்ற காலத்தை அறுவடைத் தாளினுள் உறங்கியே கழித்துவிட வல்லது. ஆகவே அறுப்பு முடிந்தவுடன் தாளை மடக்கி உழுதுவிடுவது அடுத்த போகத்துக்கான முதற் காவலாகும்.