பனியில் நடுங்கும் குட்டியும் பத்து வருஷப் பொறுப்பும்

டில்லியில் மார்கழிக் குளிர் இறங்கியதும் அரசாங்கக் குடியிருப்புகளின் மாடிப்படிக்கு அடியிலும் ஸ்கூட்டர் நிறுத்தும் கொட்டகைகளிலும் மெல்லிய முனகல் ஒன்று கேட்கத் தொடங்கும். ராமகிருஷ்ணபுரமானாலும் கரோல்பாகானாலும் இதே கதைதான். ஆபீஸ் விட்டு வரும் நம்மவர் ஒருவர் கண்கூடத் திறவாத நாய்க்குட்டியைப் பார்க்கிறார். ஐயோ பாவம் என்று மப்ளரில் சுற்றி வீட்டுக்கு எடுத்து வந்துவிடுகிறார். "வாடகை வீட்டில் இது வேறா?" என்று மனைவி கேட்டு முடிப்பதற்குள் பிள்ளைகள் அதற்குப் பெயரே வைத்துவிடுகின்றன. குட்டி பிழைப்பதும் பிழைக்காததும் அன்று இரவு அந்த வீட்டில் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

தெரு நாய்கள் பெரும்பாலும் மழைக்காலம் ஓயும் தறுவாயில் இணை சேர்கின்றன. கர்ப்ப காலம் சுமார் 63 நாள். ஆகவே குட்டிகள் பிறக்கும்போது வட இந்தியாவில் குளிர் கடுமையாகிவிடுகிறது. கொல்கத்தாவிலுள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 364 தெருக்குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏழு மாத வயதை எட்டியவை நூற்றுக்குப் பத்தொன்பது மட்டுமே. அழிந்தவற்றில் நூற்றுக்கு 63 மனிதர்களாலேயே அழிந்தன.

எடுக்கும் முன் பொறுங்கள்

தனியாகக் கிடக்கும் குட்டியெல்லாம் அநாதையல்ல. தாய் இரை தேடிப் போயிருக்கலாம். குட்டியின் உடம்பு சுத்தமாகவும் வயிறு நிறைந்தும் இருந்தால், தாய் அருகில்தான் இருக்கிறது என்று பொருள். தள்ளி நின்று சில மணி நேரம் கவனிப்பது நல்லது. பழைய சாக்கு ஒன்றை விரித்து, காற்று படாமல் மறைப்பு வைத்து, தாய்க்குக் கொஞ்சம் சோறு வைத்தால் அதுவே பெரிய உதவி. தாய்ப்பாலுக்கு ஈடு எதுவும் இல்லை. தாய் வண்டியில் அடிபட்டு இறந்துவிட்டதென்றாலோ, குட்டி சில்லிட்டுத் துவண்டு கிடந்தாலோ தயங்காமல் எடுக்க வேண்டும்.

முதல் இரவு

பலர் செய்யும் முதல் காரியம் பால் ஊட்டுவது. அதுதான் தவறு. பச்சைக் குட்டியால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. சில்லிட்ட உடம்பில் பால் செரிக்காது. முதலில் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி அட்டைப் பெட்டியின் ஒரு பக்கம் வைக்க வேண்டும். சூடு அதிகமானால் குட்டி விலகிப் படுக்க மறுபக்கத்தில் இடம் இருக்கட்டும். மூடிய அறையில் கரி அங்கீட்டி வைப்பது குட்டிக்கும் ஆபத்து, வீட்டாருக்கும் ஆபத்து.

உடம்பு சூடேறிய பிறகுதான் உணவு. நாய்ப்பாலில் உள்ள அளவு கொழுப்பும் புரதமும் பசும்பாலில் இல்லை. அது குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்குவதும் உண்டு. குட்டிகளுக்கென்றே பால் பவுடர் கால்நடை மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. முதல் இரண்டு வாரம் இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை ஊட்ட வேண்டும்; இரவிலும் விடக்கூடாது. கைக்குழந்தையைப் போல் மல்லாத்திப் பிடித்தால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். குப்புறப் படுத்த நிலையிலேயே ஊட்ட வேண்டும். ஊட்டியபின் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிவயிற்றையும் அதன் கீழேயும் மெல்லத் துடைத்தால்தான் மலஜலம் கழியும். தாய் நாய் நாவால் நக்கிச் செய்யும் வேலை இது.

கண் திறக்கப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். மூன்றாம் வாரம் பால் பற்கள் முளைக்கத் தொடங்கும். இரண்டு வாரத்தில் பூச்சி மருந்து, ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி என்பது பொது வழக்கு. டாக்டரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். டிபன்ஸ் காலனி மேம்பாலத்தடியில் உள்ள பிரெண்டிகோஸ் நிலையத்திலும், ராஜா கார்டனில் உள்ள சஞ்சய் காந்தி விலங்குகள் பராமரிப்பு மையத்திலும் விசாரிக்கலாம்.

சின்னக் குட்டிதானே என்று பல் பட்டதை அலட்சியம் செய்யலாகாது. குட்டிக்கும் வெறிநோய் இருக்கலாம். பல்லோ நகமோ பட்டுக் கீறினால் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, சப்தர்ஜங், ராம் மனோகர் லோகியா போன்ற அரசு மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். நோய் வெளிப்பட்டபின் பிழைப்பது மிக மிக அபூர்வம்.

வெள்ளத்தில் வந்த இரண்டு குட்டிகள்

எதிர்பாராமல் எடுத்த குட்டி எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு நம் சென்னையிலேயே உதாரணம் உண்டு. 1959-ல் மழை வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் வி. சுந்தரம் வீட்டுக்கு எடுத்து வந்தார். அவருடைய மனைவி உஷா சுந்தரமும் விமானி. 1951-ல் தம்பதிகள் இருவரும் லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் விமானம் ஓட்டி வந்தவர்கள். அவர்கள் வீட்டில் தொடங்கிய பராமரிப்புதான் புளூ கிராஸ் ஆயிற்று.

தெரு நாய்களைக் கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்து ஊசி போட்டு விடலாம் என்று 1964 முதலே அந்த அமைப்பு வாதாடியது. அவர்கள் மகன் டாக்டர் சின்னி கிருஷ்ணா இதில் முன் நின்றார். 1996-ல் சென்னை மாநகராட்சி அதை ஏற்றது. 2001-ல் மத்திய அரசு நாடு முழுவதற்கும் இதே முறையில் விதிகளை வகுத்தது. அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் 2023-ல் வந்தன.

விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கும் தமிழ்நாட்டுத் தொடர்பு உண்டு. ராஜ்ய சபையில் ருக்மிணி தேவி அருண்டேல் எடுத்த முயற்சிக்குப் பின்னரே 1960-ல் அச்சட்டம் வந்தது. விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

டில்லியில் நடந்தது

2025 ஆகஸ்டு 11-ல் தலைநகர் வட்டாரத் தெரு நாய்கள் அனைத்தையும் காப்பகத்தில் அடைக்கும்படி சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. நாய்க்கடியால் அவதிப்பட்டவர்கள் வரவேற்றார்கள். நாய் வளர்ப்போர் தெருவில் இறங்கினார்கள். ஆகஸ்டு 22-ல் மூன்று நீதிபதிகள் அதைத் திருத்தினார்கள். வெறி பிடித்தவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைக் கருத்தடையும் ஊசியும் போட்டு அதே இடத்தில் விடலாம் என்றார்கள். தெரு நாயைத் தத்தெடுக்க விரும்புவோர் மாநகராட்சிக்கு மனுச் செய்யலாம், ஆனால் அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது அவர்கள் பொறுப்பு என்றும் அந்த உத்தரவு கூறியது. பள்ளிகள், ஆஸ்பத்திரிகள், ரயில் நிலையங்கள் முதலியவற்றிலிருந்து பிடித்த நாய்களைத் திரும்ப அங்கே விடக்கூடாது என்று நவம்பர் 7-ல் மற்றோர் உத்தரவு வந்தது.

மாற்றல் வந்தால்

உத்தியோகஸ்தர் வீட்டு நாய்க்கு உண்மையான சோதனை மாற்றல் உத்தரவுதான். குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் நாளில், சோறு போட்டு வளர்த்த நாயை வாசலிலேயே விட்டுப் போகிறவர்கள் உண்டு. பசியால் வாடும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதில் முதல் குற்றத்துக்கு எழுதப்பட்ட அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய். வீட்டில் வளர்ந்த நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. மற்ற நாய்களும் அதைச் சேர்த்துக்கொள்வதில்லை.

ரயிலில் அழைத்துப் போக வழி இருக்கிறது. ஏ.சி. முதல் வகுப்பில் கூபேயோ காபினோ முழுவதும் தம் பேரில் இருந்தால் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். இல்லையேல் பிரேக் வேனில் உள்ள நாய்ப் பெட்டியில் அனுப்பலாம். இரண்டுக்கும் பார்சல் ஆபீசில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னைக்கு இரண்டு இரவும் ஒரு பகலும் ஆகிறது. தண்ணீரும் தீனியும் சொந்தக்காரர் பொறுப்பு.

வீட்டுக்காரர் சம்மதம், மாநகராட்சிப் பதிவு, ஊசிச் செலவு, லீவில் ஊருக்குப் போனால் யார் பார்ப்பது என்பன எல்லாம் குட்டி பால் குடித்துத் தூங்கும் முதல் வாரத்திலேயே பேசி முடிக்க வேண்டியவை. முடியாது என்று தோன்றினால் வெட்கப்பட ஒன்றுமில்லை. எட்டு வாரம் வளர்த்து, ஊசி போட்டு, வைத்துக் காப்பாற்றக்கூடிய வேறொரு குடும்பத்திடம் ஒப்படைப்பதும் அந்த உயிருக்குச் செய்த உபகாரமே.