செல்போன் ஒலிக்காவிட்டால் பை நல்ல பையா?

வழக்கில் கைப்பற்றிய செல்போனைத் தடயவியல் துறையினர் சிக்னல் தடுக்கும் பையில் போட்டு மூடுகிறார்கள். வெளியிலிருந்து யாரும் கட்டளை அனுப்பி அதிலுள்ள பதிவுகளை அழித்துவிடக் கூடாதல்லவா? நிக்கலும் செம்பும் பூசிய பாலியஸ்டர் துணிதான் அது. 1836-இல் மைக்கேல் ஃபாரடே உலோகத்தால் மூடிய பெட்டிக்குள்ளேயே இருந்து நிரூபித்த தத்துவம். கார் சாவிக்கான சிறு பைகள் இப்போது யாருக்கும் கிடைக்கின்றன. வாங்கியவர் செல்போனை உள்ளே போட்டு இன்னொன்றிலிருந்து அழைக்கிறார். ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்று குரல் வந்தால் திருப்தியடைகிறார். இந்தச் சோதனையை நம்பக் கூடாது. மணி அடித்தால் பை தோற்றது உறுதி. அடிக்காவிட்டால், அந்த இடத்தில் சிக்னல் உள்ளே எட்டவில்லை என்பதற்கு மேல் எதுவும் உறுதியில்லை.

காரணம் கணக்கில் இருக்கிறது. டவர் அருகில் செல்போனுக்குக் கிடைக்கும் சிக்னல் ஏறக்குறைய -50 டிபிஎம். -110 வரை குறைந்தாலும் அது சமாளிக்கும். சிக்னலை 40 டெசிபல், அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்காக, குறைக்கும் பையை டவரடியில் சோதித்தால் -90 மிஞ்சும், மணி அடிக்கும். சிக்னல் ஏற்கெனவே -90 ஆக இருக்கும் உள்ளறையில் அதே பை வெற்றி பெற்றுவிடும். ஜிபிஎஸ் சோதனை இன்னும் ஏமாற்றும்: தரைக்கு வரும்போதே அது -130 அளவில்தான் இருக்கிறது, மட்டமான பைகூட மறைத்துவிடும்.

துணிக்கு ஆய்வகச் சான்று இருக்கிறதே என்பார்கள். அது பெரும்பாலும் தட்டையாக விரித்த துணிக்கான அளவு. அலை கசிவதோ தையலிலும் வாயிலும். இடுக்கு எவ்வளவு மெல்லியது என்பதைவிட எவ்வளவு நீளம் என்பதே முக்கியம். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் அலைநீளம் 12.5 செ.மீ.; வாயில் 6 செ.மீ. நீளத்துக்கு மயிரிழை இடைவெளி இருந்தாலே அது ஆன்டெனாவாகிவிடும். வாயை இரண்டு மடிப்பு மடிக்கச் சொல்வது இதனால்தான். மடிக்க மடிக்கப் பூச்சு விரிசல் விடும். புதிதில் எடுத்த அளவு பழைய பைக்குச் செல்லாது. முறையான வழி, உள்ளே சிறு டிரான்ஸ்மிட்டரை வைத்து, பை இருக்கும்போதும் இல்லாதபோதும் வெளியே எட்டும் அளவை ஸ்பெக்ட்ரம் அனலைசரில் பார்த்து, ஒவ்வொரு அலைவரிசைக்கும் வித்தியாசத்தைக் கணக்கிடுவது.

வீட்டில் அனலைசருக்கு எங்கே போவது? கருவி இல்லாவிட்டாலும் சோதனையைக் கடினமாக்கலாம். சிக்னல் முழுமையாக இருக்கும் இடத்தில் அழைத்துப் பார்க்கலாம். வைஃபையை ரௌட்டரின் பக்கத்திலேயே சோதிக்கலாம். கார் சாவியைப் பையோடு கதவை ஒட்டியே வைத்துப் பார்க்க வேண்டும். பல கார்கள் சாவியை எழுப்ப அனுப்பும் 125 கிலோஹெர்ட்ஸ் காந்த அலையை மெல்லிய துணி அதிகம் தடுக்காது. சாவி 433 மெகாஹெர்ட்ஸில் தரும் பதிலைத்தான் அது அடக்கியாக வேண்டும்.