தம்புள்ளைப் பாடம்

ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கி அச்சேற்றிய நம் முன்னோர் பாடபேதம் என்றொரு சொல்லை நமக்கு விட்டுச் சென்றிருக்கின்றனர். ஒரே செய்யுள் ஓர் ஏட்டில் ஒரு விதமாகவும் மற்றோர் ஏட்டில் வேறு விதமாகவும் காணப்படும். பிரதி செய்தவன் கைப்பிழையென்று ஒன்றை உடனே எறிந்துவிடாமல், இரண்டையும் குறித்து வைத்துப் பின்வருவோர் தீர்ப்புக்கு விடுவது நல்ல பதிப்பாசிரியரின் இலக்கணம். கலித்தொகையை 1887ஆம் ஆண்டில் முதன்முதலாக அச்சில் தந்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் ஏடு தேடிப் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

அத்தகைய சொல்லை நான் இங்கே எடுத்தாளப் போவது சங்க நூல்களுக்கன்று. தொலைக்காட்சிப் பெட்டியிலே பூட்டிச் சிறுவர் விளையாடிய பழைய கணினி விளையாட்டுகளின் இசைக்கு. பெரியோர் முகஞ்சுளிக்க வேண்டா. அவ்விசைக்கும் இப்பொழுது ஏடு ஏறும் காலம் வந்துவிட்டது. 2023 ஏப்பிரலில் அமெரிக்காவின் கொங்கிரஸ் நூலகம், தன் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டிலே ‘சுப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டின் முதற் பாட்டைச் சேர்த்துக்கொண்டது. விளையாட்டிசை ஒன்று அப்பதிவேட்டில் இடம்பெற்றது அதுவே முதன்முறை. 1985இல் அதனை இயற்றியவர் கோஜி கொண்டோ என்னும் யப்பானியர். அப்பொழுது நின்ரெண்டோ நிறுவனத்திற் சேர்ந்து ஓராண்டே ஆகியிருந்த இளைஞர்.

செய்தி மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் அந்த ஒலிப்பதிவை வரவழைத்துக் கேட்டபோது என் செவியில் ஏதோ உறுத்திற்று. சுரங்கள் அவையே, வரிசையும் அதுவே. ஆனால் பாட்டு யாரோ துரத்துவது போல ஓடிற்று. குரலும் வேறாக இருந்தது. நாங்கள் தம்புள்ளையிற் கேட்டு வளர்ந்த மாரியோ அதுவன்று.

1990களின் நடுவிலே எங்கள் வீட்டுக்கு ஒரு ‘ரிவி கேம்’ வந்தது. கொழும்புப் புறக்கோட்டையிலே வாங்கி, கண்டி வீதி வழியாக மடியில் வைத்துக் கொண்டுவரப்பட்ட பெட்டி. மேலே ஒரு வாய். அதிலே மஞ்சள் நிறக் கசற்றைச் செருகினால் நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் என்று தலைப்பிற் சொல்லும். பட்டியலை இறக்கிக்கொண்டே போனால் ஏழெட்டு விளையாட்டுகள் மறுபடி மறுபடி வேடம் மாறி வரும். 1996இல் வரட்சியால் நாடெங்கும் மின்வெட்டு வந்தபோது, மின்சாரம் இருக்கும் சில மணி நேரத்துக்காகத் தம்பியும் நானும் காத்திருந்து விளையாடினோம். அந்தப் பெட்டியில் யார் பெயரும் எழுதியிருக்கவில்லை. பாட்டை ஆக்கியவர் பெயர் எங்கே இருக்கப்போகிறது?

அப்பெட்டிக்கு மூலம் 1983இல் யப்பானில் நின்ரெண்டோ வெளியிட்ட ‘ஃபமிகொம்’. ‘குடும்பக் கணினி’ என்பதே அப்பெயரின் விரிவு. தாய்வானின் யூ.எம்.சி. போன்ற நிறுவனங்கள் அதன் சில்லுகளுக்கு ஈடான சில்லுகளைச் செய்தன. அவற்றைக் கொண்டு ஆசியாவிலும் கிழக்கைரோப்பாவிலும் எண்ணிறந்த நகற்பெட்டிகள் பிறந்தன. எங்கள் வீட்டுக்கு வந்தது அக்குலத்தைச் சேர்ந்தது.

மூலப் பெட்டியில் ஒலிக்கெனத் தனிச்சில்லு இல்லை. கணிக்கும் சில்லுக்குள்ளேயே ஒலியுறுப்பும் அடக்கம். அதனாற் பாடக்கூடியவை இரண்டு துடிப்பலைக் குரல்கள், ஒரு முக்கோண அலைக் குரல், ஓர் இரைச்சல். இவற்றோடு பதிவு செய்த சிறு ஓசைத் துணுக்கு ஒன்றை ஒலிக்கும் வசதி. துடிப்பலைக்கு ஒலியளவில் 16 படிகள் உண்டு. முக்கோணத்துக்கு அதுவும் இல்லை. ஒலிக்கும், அல்லது ஓயும். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வீதியில் இரண்டு நாகசுரமும் ஒத்தும் தவிலும் நிற்பதைக் கண்டவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. துடிப்பலைகள் பாட்டையும் துணைப்பாட்டையும் வாங்கிக்கொள்ள, முக்கோணம் கீழ்ச்சுரங்களைத் தாங்க, இரைச்சல் தாளமாகும். ஒத்து ஒரே சுரத்தில் நிற்பது, முக்கோணமோ நடமாடுவது என்ற அளவிலே உவமை தளர்கின்றது.

இதில் ஒரு வேடிக்கை. மாரியோ குதிக்கும்போது எழும் ஓசைக்குத் தனிக்குரல் கிடையாது. பாடிக்கொண்டிருக்கும் துடிப்பலைகளில் ஒன்றை அது பறித்துக்கொள்ளும். காசு எடுத்தால் மற்றையது பறிபோகும். ஆகவே குதித்துக்கொண்டே இருக்கும் சிறுவன் கேட்கும் பாட்டு வேறு, நின்று நின்று போகின்றவன் கேட்கும் பாட்டு வேறு. என் தம்பி ஓயாமற் குதிப்பவன். பாட்டை முழுமையாக அவன் கேட்டானோ என்பது எனக்கு இன்றளவும் ஐயமே.

இனி, நம் பாடம் எங்கே பிரிந்தது என்று பார்ப்போம்.

இவ்விளையாட்டுகளிலே பாட்டின் காலத்தை அளப்பது மணிக்கூடு அன்று, திரை. தொலைக்காட்சி ஒரு சித்திரத்தை வரைந்து முடிக்குந்தோறும் பாட்டு ஓரடி நகரும். யப்பானிலும் அமெரிக்காவிலும் திரை விநாடிக்கு 60 முறை வரையப்பட்டது. இலங்கைத் தொலைக்காட்சி பீ.ஏ.எல். முறையைச் சேர்ந்தது, விநாடிக்கு 50 முறை. 60 அடி நடக்கவேண்டிய பாட்டு 50 அடியே நடந்தால், ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்துவிடும். ஐரோப்பாவில் விற்பதற்கென நின்ரெண்டோ இந்த விளையாட்டைத் திருத்தி வேகத்தைச் சரிசெய்தது. எங்கள் மஞ்சட் கசற்றில் இருந்ததோ திருத்தம் பெறாத பிரதி.

சுருதியோ அவ்வளவு இறங்கவில்லை. சுருதியை முடிவு செய்வது திரையன்று, சில்லின் துடிப்பு. மூலப் பெட்டியில் அது ஏறத்தாழ 17.9 இலட்சம் ஹேர்ட்ஸ். ஐரோப்பாவின் முறையான பெட்டியில் 16.6 இலட்சம். நகற்பெட்டிகளைச் சமைத்தவர்கள், யப்பானியக் கசற்றுகள் இதிலும் ஓடவேண்டுமென்று கருதி, அதனை 17.7 இலட்சத்தில் நிறுத்தினர். இந்த வேறுபாட்டாற் சுருதி குறைவது, ஒரு சுரத்தானத்துக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள தொலைவில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கே. பயிலாத காது கண்டுகொள்ளாது. சுருதி நிற்க, லயம் மட்டும் விளம்பித்தது. ஒலித்தட்டை மெதுவாகச் சுழற்றினால் இரண்டும் சேர்ந்தல்லவா இறங்கும்? இங்கே பாடகர் குரல் தாழாமல், நிதானித்துப் பாடியது போலாயிற்று.

குரல் மாறியதற்குக் காரணம் வேறு. துடிப்பலை ஒரு சுற்றில் எவ்வளவு நேரம் மேலே நிற்கின்றதோ அதைப் பொறுத்து அதன் குணம் அமையும். பாதி நேரம் மேலும் பாதி நேரம் கீழுமாக நின்றால் ஒற்றைப்படை மேற்சுரங்களே எழும். ஓசை உட்குடைந்த மூங்கில் போல இருக்கும். கால்வாசி நேரமே மேலே நின்றால் மூக்காற் பாடுவது போல மெலிந்து கூர்மையாகும். கொண்டோ மாரியோவில் வைத்தது பெரிதும் பாதித் துடிப்பையே. ஆனால் நகற்சில்லுகள் பலவற்றில், பாதி என்று கேட்டாற் கால் கிடைக்கும், கால் என்று கேட்டாற் பாதி கிடைக்கும். இரண்டுக்கும் உரிய இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றன. ஏடெழுதுவோன் ரகரத்தையும் காலையும் மாற்றி எழுதிவிடுவது போல இதுவும் ஒரு பிரதிபேதம்.

எங்கள் பழைய பெட்டி இன்னும் என்னிடம் இருக்கின்றது. ஓடவும் ஓடுகின்றது. ஐயந்தீர ஒரு பரீட்சை செய்தேன். மாரியோவின் முதற்கட்டத்தில் எதிர்ப்படும் பச்சைக் குழாயொன்றின் மேல் அவனை நிறுத்திவிட்டேன். அங்கே அவனை எவரும் தீண்டார். திரையின் மேல்மூலையில் நேரம் இறங்கிக்கொண்டிருக்கும். அந்த எண் ஒவ்வொன்றும் 24 சித்திரங்களுக்கு ஒருமுறை குறைவது. 300இலிருந்து 200க்கு இறங்க, யப்பானியத் திரையில் 40 விநாடி செல்லவேண்டும். நம் திரையில் 48. கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். 48 விநாடிகளே சென்றன.

இவ்வாறு எட்டு விநாடி பிந்திய பாட்டு என்ன ஆயிற்று? முதற் பாட்டு துள்ளலை இழந்து நடைப்பயணமாயிற்று. அதில் எனக்குப் பெரிய இலாபமில்லை. நீருக்கடியில் மாரியோ நீந்தும்போது வரும் பாட்டே என் உள்ளங் கவர்ந்தது. மும்மூன்றாக எண்ணும் மேனாட்டு வால்ஸ் நடையில் அமைந்தது அது; நம் திஸ்ர நடைக்கு உறவு. மூல வேகத்தில் அது நடன மண்டபத்துப் பாட்டு. எங்கள் வேகத்தில் அது தாலாட்டு. மூக்கொலியும் சேர்ந்தமையால் ஒருவிதச் சோகமும் படிந்துவிட்டது. கொண்டோ அந்தச் சோகத்தை நினைத்தே இருக்கமாட்டார். ஆயினும் அது எங்களுக்குக் கிடைத்தது.

மற்றொன்று ‘போம்பர்மேன்’. 1985இல் ஹட்சன் நிறுவனம் வெளியிட்டது. இசை ஜூன் சிக்குமா என்னும் பெண்மணி. மிகக் குறுகிய பாட்டு; சுற்றிச் சுற்றி அதுவே வரும். மணிக்கணக்கில் கேட்டும் சலிக்காமல் ஒரு சிறு சுற்றைக் கட்டுவது எளிதன்று. ‘கொன்ரா’வைச் சொல்லாமல் விட்டால் என் வயதொத்தவர்கள் சண்டைக்கு வருவர். 1988இல் ஃபமிகொமுக்கு வந்த அவ்விளையாட்டின் இசை ஹிதெனோரி மயெசாவாவும் கியோஹிரோ சாதாவும் அமைத்தது. கடைசிப் பகைவனை வென்றவனுக்கே அவர்களின் பெயர் திரையில் காட்டப்படும். எங்கள் தெருவில் அந்தப் பேறு பெற்றவர் வெகு சிலர். பெயரை வாசிக்கப் பொறுமை கொண்டவர் எவருமிலர்.

இந்த வேகச் சிக்கல் ஆசியாவுக்கு மட்டும் நேர்ந்ததென்று எண்ணவேண்டா. மேற்கிலே அது திசைமாறி நடந்தது. 1982இல் வந்த ‘கொமடோர் 64’ என்னும் வீட்டுக்கணினியில் ‘சிட்’ என்ற ஒலிச்சில்லு இருந்தது. பொப் யானஸ் வடித்தது. மூன்றே குரல், ஆயினும் ஒலியை வடிகட்டும் உறுப்பும் சுரத்தின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் ஆளும் உறுப்பும் அதனுள் அமைந்திருந்தபடியால், அக்கால வீட்டுக்கணினிகளில் அதற்கு நிகரில்லை என்பதே என் கருத்து. இங்கிலாந்தின் ரொப் ஹபார்ட் 1985இல் ‘மொன்ரி ஒன் த ரன்’ விளையாட்டுக்கு அதிலே வைத்த இசையைக் கேட்டால், பாடுவது மூன்று குரல் என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டீர்கள். அவர் இயற்றியது 50 சித்திரத் திரைக்கு. அதே நிரலை அமெரிக்கக் கணினியில் ஓட்டினாற் பாட்டு ஐந்தில் ஒரு பங்கு விரையும். சில்லின் துடிப்பும் அங்கே கூடுதலாகையால் சுருதியும் அரைச் சுரத்தானத்துக்கு மேல் ஏறிவிடும்.

ஆனால் அவர்களுக்குப் பதிப்பாசிரியர்கள் கிடைத்தார்கள். 1990களில் ஆர்வலர் சிலர் ‘சிட்’ பாட்டுகளைத் திரட்டத் தொடங்கினர். ‘ஹை வோல்ரேஜ் சிட் கலெக்‌ஷன்’ என்ற பெயரில் அத்தொகுதி இன்று அரை இலட்சத்துக்கு மேற்பட்ட பாட்டுகளுடன் நிற்கின்றது. அதன் ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும், இப்பாட்டு எந்தத் திரைக்கு இயற்றப்பட்டது, சில்லின் பழைய வார்ப்புக்கா புதிய வார்ப்புக்கா என்று குறிக்க இடம் உண்டு. ஆசிரியர் பெயரும் உண்டு. இது பாடபேதக் குறிப்பன்றி வேறென்ன?

நம் பாடத்துக்கும் ஒரு குறிப்பு இருக்கின்றது, வேற்றூர்ப் பெயரில். உருசியாவில் 1992 இறுதியில் ‘டெண்டி’ என்ற பெயரில் இதே குலத்து நகற்பெட்டி விற்பனைக்கு வந்து பெரும்புகழ் பெற்றது. ஆகவே பழைய விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டிக்காட்டும் நிரல்கள் சிலவற்றில், யப்பான்–அமெரிக்கா ஒன்று, ஐரோப்பா ஒன்று, ‘டெண்டி’ ஒன்று என மூவகைத் தெரிவு வைத்திருக்கின்றனர். துடிப்புகளை இடம்மாற்றும் தெரிவும் தனியே உண்டு. இரண்டையும் அழுத்தினேன். தாலாட்டு, மூக்கொலி, சோகம் எல்லாம் ஒன்றும் குறையாமல் வந்தன. தம்புள்ளையில் ஒலித்த பாட்டுக்கு உருசியப் பெயரா என்று சிலர் வருந்தலாம். எனக்கு வருத்தமில்லை, யாரோ ஒருவர் பிரதிபேதத்தைக் குறித்து வைத்தார்களே!

எங்களூர்க் குகை விகாரையைப் பார்க்க வருவோர் இன்று காணும் ஓவியங்களிற் பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டில், கண்டியரசர் காலத்தில், பழையவற்றின் மேல் மீளத் தீட்டப்பட்டவை. அடியிலுள்ளதே ஓவியம், மேலுள்ளது ஓவியமன்று என்று எவரும் அதனைச் சுரண்டத் துணிவதில்லை. 1991இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டபோதும் அந்த மேற்பூச்சுடனேயே ஏற்கப்பட்டது.

நகற்பெட்டிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவையல்ல. சிலவற்றில் துடிப்பு இடம்மாறியிருக்கும், சிலவற்றில் இராது. சிலவற்றில் இரைச்சற் குரலே பிசகும். ஆகவே இலங்கைச் சிறுவர் கேட்ட பாடம் ஒன்றன்று, பல. வீட்டின் பரணில் அத்தகைய பெட்டி கிடந்தால், பழைய இரும்புக்காரரிடம் கொடுக்குமுன் ஒருமுறை தொலைக்காட்சியிற் பூட்டி அதன் பாட்டுகளைக் கைப்பேசியிலேனும் பதிந்துகொள்ளுங்கள். திருகாணிகளைக் கழற்றிச் சில்லின் மேலுள்ள எழுத்துகளையும் இலக்கங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பிற்காலப் பெட்டிகளில் எழுத்துப் பொறித்த சில்லுகள் இரா. கரும்பசைக் குமிழொன்றே இருக்கும். அவற்றுக்கு மாரியோவைக் குழாயின் மேல் நிறுத்தி, 300இலிருந்து 200 வரை எண்ண வேண்டியதுதான்.