கோடிங் திரைக்கு எந்த நிறம்?

திருமால்பூர் பக்கமிருந்து வரும் காலை லோக்கல் செங்கல்பட்டைத் தாண்டி கொளவாய் ஏரியை ஒட்டி ஓடும்போது, பெட்டிக்குள் நாலைந்து லேப்டாப்பாவது திறந்திருக்கும். மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் வேலை செய்பவர்கள், பரனூரில் இறங்குவதற்கு முன் விட்ட வேலையை முடிக்கப் பார்ப்பார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. சுற்றிலும் பார்த்தால் அநேகமாக எல்லாத் திரையும் கறுப்பு. ஏரியில் பட்டுத் தெறிக்கும் வெயில், ஜன்னல் கம்பி, எதிர்சீட்டுக்காரரின் முகம் எல்லாம் அந்தக் கறுப்பில் தெரியும். எழுத்துதான் தெரியாது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, திரையை அப்படியும் இப்படியும் சாய்த்துக்கொண்டு படிப்பார்கள்.

சில விசைகளை அழுத்தினால் பின்புலம் வெளுத்துவிடும். அது தெரியாதவர்கள் இல்லை. கறுப்புத் திரைதான் கோடிங்குக்குரியது என்று ஒரு எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. சினிமாவில் ஹேக்கர் என்றால் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும்; நம் பிள்ளைகளும் முதல் நாளே அதைத்தான் தேடுகிறார்கள். வாரநாட்களில் மென்பொருள் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் திருக்கழுக்குன்றத்தில் மாணவர்களுக்குப் பைத்தான் நிரல்மொழி வகுப்பு என்று இரண்டு பக்கமும் இருப்பதால், இதைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

நிறம் எதற்கு?

நிரல் எழுதுவதற்கென்று இருக்கும் மென்பொருளை எடிட்டர் என்கிறோம். மைக்ரோசாஃப்ட் 2015இல் அறிமுகப்படுத்திய விஎஸ் கோட் அவற்றில் இன்று மிகவும் புழங்குவது, இலவசமாகவே கிடைக்கிறது. அதில் 'விலை = 40' என்று எழுதி, பக்கத்தில் '# ஒரு கிலோ வஞ்சிரம்' என்று குறிப்பும் போட்டால், எண் ஒரு நிறத்திலும் குறிப்பு வேறு நிறத்திலும் வரும். (பைத்தான் 3 வந்த 2008இலிருந்து தமிழிலேயே இப்படிப் பெயர் வைக்கலாம்.) மேற்கோள்குறிக்குள் இருக்கும் சொற்களுக்கு ஒரு நிறம், மொழியின் கட்டளைச் சொற்களுக்கு இன்னொரு நிறம். இந்த நிறங்களின் முழுத் தொகுப்புதான் தீம்.

இதனால் கிடைக்கும் நன்மையை வகுப்பில் நேராகவே பார்க்கலாம். மேற்கோள்குறியை மூட மறந்தால், அந்த வரி முடியும்வரை எல்லாம் ஒரே நிறத்துக்கு மாறிவிடும். மூன்று மேற்கோள்குறி போட்டுத் திறந்ததை மூடாமல் விட்டால், கோப்பின் அடிவரைக்கும் நிறம் மாறும். நிரலை ஓட்டிப் பிழைச்செய்தி வாங்குவதற்கு முன்பே, எங்கே தவறு நடந்தது என்று மாணவர் கை வைத்துக் காட்டிவிடுவார்.

ஆராய்ச்சிகளும் நடந்திருக்கின்றன. கேம்பிரிட்ஜில் அத்வைத் சர்க்கார் 2015இல் நடத்திய சிறிய சோதனையில், நிறமிட்ட நிரலைச் சீக்கிரம் புரிந்துகொண்டார்கள். அனுபவம் கூடக் கூட அந்த நன்மை குறைந்தது. 2018இல் ஜெர்மனியில் ஏறக்குறைய 400 புதிய மாணவர்களை வைத்துப் பார்த்ததில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஆகவே நிறம் அறிவைக் கூட்டித் தராது. பார்வைக்கு ஒத்தாசை செய்யும். அந்த ஒத்தாசை ஒழுங்காகக் கிடைக்க, நிறம் பார்க்கிறவரின் கண்ணுக்குப் பொருந்த வேண்டும்.

அகராதியிலிருந்து நீலத்திரை வரை

எழுதும்போதே நிறமிடும் வழக்கத்தின் ஆரம்பங்களில் ஒன்று ஒரு அகராதி வேலை. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியைக் கணினிக்குள் கொண்டுவரும் பணிக்காக, ஐபிஎம்மின் மைக் கவ்லிஷா 1985இல் லெக்ஸ் என்ற எடிட்டரை எழுதினார். தலைச்சொல், பொருள், மேற்கோள் என்று ஒரு பதிவுக்குள் கலந்து கிடப்பதைக் கண் பிரித்தறிய நிறம் உதவியது. நிரலுக்கும் அதே தேவைதான்.

தமிழ்நாட்டில் பொறியியல் படித்த ஒரு தலைமுறைக்கு எடிட்டர் என்றாலே நீலத்திரைதான். போர்லாண்டின் டர்போ சி, நீலப் பின்புலத்தில் மஞ்சள் எழுத்தோடு நம் கல்லூரி லேப்களில் பல காலம் ஆட்சி செய்தது. விண்டோஸ் மாறிய பிறகும், பழைய டாஸ் நிரல்களை ஓட்ட உதவும் டாஸ்பாக்ஸ் போட்டு அதையே ஓட்டினார்கள். அந்த நிறத்தை மாணவர் எவரும் தேர்ந்தெடுக்கவில்லை; வந்ததை ஏற்றுக்கொண்டார்கள்.

தேர்ந்தெடுக்கும் காலம் பிறகு வந்தது. நெதர்லாந்து வடிவமைப்பாளர் வைமர் ஹேசன்பெர்க் 2006இல் மோனோகாய் என்ற தீமைச் செய்தார். ஈத்தன் ஸ்கூனோவர் 2011இல் சோலரைஸ்டு வெளியிட்டார். பிரேசிலின் சேனோ ரோச்சா 2013இல் டிராகுலா தந்தார். இன்று இப்படி ஆயிரக்கணக்கில் தீம்கள் கிடைக்கின்றன. ஆயிரம் இருப்பதுதான் இப்போது சிக்கல். ஸ்கிரீன்ஷாட்டில் அழகாக இருப்பதை எடுத்துப் போட்டுக்கொள்கிறோம். எட்டு மணி நேரம் பார்க்கப்போவது நாம் என்பதை மறந்துவிடுகிறோம்.

முதலில் அறையின் வெளிச்சம்

என் வீடு மாமல்லபுரத்தில். வேலை செய்யும் அறையின் ஜன்னல் கடலைப் பார்த்தது. காலை வெயில் அலைமேல் பட்டு நேராக உள்ளே வரும். வெட்டவெளி உச்சிவெயிலின் ஒளி ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். அலுவலகங்களில் பொதுவாக இருப்பது 300 முதல் 500 லக்ஸ். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வருவது அதில் ஒரு பங்குதான் என்றாலும், கறுத்த திரையைக் கண்ணாடியாக்க அது போதும். ஆகவே மதியம்வரை எனக்கு வெள்ளைப் பின்புலம், கறுப்பு எழுத்து. விளக்கு வைத்த பிறகு கருந்தீம்.

ஊருக்கு வருகிறவர்கள் அர்ச்சுனன் தபசைப் பார்த்திருப்பார்கள். கிழக்கு பார்த்த பாறை அது. காலையில் சாய்வாக வெயில் விழும்போது யானையின் மடிப்பும் முனிவரின் விலா எலும்பும் தனித்தனியாகத் தெரியும். வெளிச்சம் மாறினால் அதே சிற்பம் தட்டையாகிவிடும். திரையும் அப்படித்தான். நல்ல தீம், கெட்ட தீம் என்று வெளிச்சத்தைச் சொல்லாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

கருந்தீம் கண்ணுக்கு நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் பல்கலைக்கழகத்தார் 2013இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. இளையவர்கள், முதியவர்கள் இரு தரப்பினருமே வெளிர் பின்புலத்தில் கரும் எழுத்தைத்தான் நன்றாகப் படித்தார்கள். காரணம் எளிது. வெளிச்சமான திரையைப் பார்க்கும்போது கண்ணின் பாவை சுருங்கும். சுருங்கினால் பிம்பம் கூர்மையாக விழும். கறுத்த திரையில் பாவை விரியும்; லென்ஸின் சிறு குறைகளெல்லாம் எழுத்தில் தெரியும். அஸ்டிக்மாட்டிசம் என்ற கண்வளைவுக் குறை இருப்பவர்களுக்கு வெள்ளை எழுத்தைச் சுற்றி ஒளி கசிவதுபோல இருக்கும். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்களுக்குச் சிரமம் இன்னும் கூடும்.

அதற்காகக் கருந்தீமை ஒதுக்க வேண்டியதில்லை. இருட்டறையில் வெள்ளைத் திரை முகத்தில் டார்ச் அடித்த மாதிரி. ராத்திரி ஷிஃப்டில் இருப்பவர்களுக்குக் கருந்தீம்தான் வசதி. பேட்டரி மிச்சமாகும் என்பது மட்டும் திரையைப் பொறுத்தது. ஓஎல்இடி திரையில் கறுப்புப் புள்ளி அணைந்தே இருக்கும், மிச்சம் உண்டு. சாதாரண எல்சிடி லேப்டாப்பில் பின்விளக்கு எப்போதும் எரிவதால் குறிப்பிடும்படி எதுவும் மிச்சமாகாது.

விஎஸ் கோடில் கன்ட்ரோல் விசையோடு கே (K), பிறகு கன்ட்ரோலோடு டி (T) அழுத்தினால் தீம் பட்டியல் வரும். அம்புக்குறியால் ஒவ்வொன்றாக நகரும்போதே திரை மாறிக் காட்டும். செட்டிங்ஸில் 'ஆட்டோ டிடெக்ட் கலர் ஸ்கீம்' என்பதை இயக்கி, பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று குறித்து வைத்தால், கணினியின் தோற்றம் மாறும்போது எடிட்டரும் சேர்ந்து மாறும்.

ஒரே ஒரு நிறத்தை மாற்றுவது

முழுத் தீமும் பிடித்திருக்கும், ஒன்று மட்டும் இடிக்கும். சோலரைஸ்டு இதற்கு நல்ல உதாரணம். 16 நிறங்கள், அவற்றில் 8 சாம்பல் வகை, 8 அழுத்தமான வண்ணங்கள். ஒவ்வொன்றின் ஒளிர்வையும் அளந்து வைத்துச் செய்தது. எனக்கு மிகவும் பிடித்த தீம். ஆனால் அதன் கருந்தீம் வடிவத்தில் குறிப்பு வரிகள் மங்கலானவை. பின்புலத்தின் சிவப்பு, பச்சை, நீல அளவுகள் 0, 43, 54. குறிப்பு எழுத்தின் அளவுகள் 88, 110, 117. இரண்டுக்கும் இடையிலான ஒளிர்வு விகிதத்தைக் கணக்கிட்டால் 2.8க்கு 1தான் வருகிறது. வலைப்பக்கங்களை எல்லாரும் படிக்க வேண்டும் என்று வகுத்த சர்வதேச நெறிமுறை, சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 கேட்கிறது.

குறிப்பு பின்னுக்குப் போகட்டும், நிரல் முன்னுக்கு வரட்டும் என்று நினைத்துச் செய்தது அது. கற்றுக்கொள்கிறவர்களுக்கு அது ஒத்துவராது. என் மாணவர்கள் தமிழில்தான் குறிப்பு எழுதுகிறார்கள். அவர்களுக்குக் குறிப்பு பாடத்தில் பாதி. தீர்வு அதே தீமுக்குள்ளேயே இருக்கிறது. அதன் சாதாரண எழுத்து நிறத்தின் குறியீடு #839496. அந்த நிறத்தைக் குறிப்புக்கும் கொடுத்தால் விகிதம் 4.7ஐத் தாண்டிவிடும்.

செட்டிங்ஸ் கோப்பைத் திறந்து, 'எடிட்டர் டோக்கன் கலர் கஸ்டமைசேஷன்ஸ்' என்ற பகுதியில் 'கமெண்ட்ஸ்' என்பதற்கு நேரே அந்தக் குறியீட்டைப் போட்டுச் சேமித்தால் போதும். திரை உடனே மாறும். தீமின் பெயரைச் சதுர அடைப்புக்குள் குறிப்பிட்டால் அந்த மாற்றம் அந்தத் தீமுக்கு மட்டும் பொருந்தும். அங்கேயே 'ஃபான்ட் ஸ்டைல்' என்பதை வெறும் மேற்கோள்குறியாக விட்டுவிடுங்கள். குறிப்புகளைச் சாய்வெழுத்தில் காட்டும் தீம்கள் பல உண்டு. ஆங்கிலத்துக்கு அது அழகு. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வுக்கென்று வரைந்த வடிவம் கிடையாது. நேரெழுத்தையே கணினி இழுத்துச் சாய்த்துவிடுகிறது. 'ணை'யும் 'ஞூ'வும் படிக்க முடியாமல் போகும்.

எல்லார் கண்ணும் ஒன்றல்ல

வகுப்பில் பழைய நிரலையும் புதிய நிரலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொல்லிக்கொடுத்தேன். நீக்கிய வரி சிவப்பு, சேர்த்த வரி பச்சை. கல்லூரி இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் எல்லாரும் போன பிறகு வந்து நின்றான். "மிஸ், ரெண்டும் எனக்கு ஒண்ணுபோலத்தான் தெரியுது. ஓரத்துல இருக்கிற கூட்டல், கழித்தல் குறியைப் பார்த்துத்தான் சொல்றேன்" என்றான். அவனுக்குச் சிவப்பு-பச்சை நிறக்குறை. அதை யாரிடமும் சொன்னதில்லை.

இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களுக்கே அதிகம் வருகிறது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 8 சதவீதம் பேருக்கும், பெண்களில் 0.5 சதவீதம் பேருக்கும் உண்டு. மற்ற மக்களிடையே அளவு குறைவு என்றாலும், ஒரு லேப் நிறைய மாணவர்கள் இருந்தால் அவர்களில் ஒருவராவது இருக்க வாய்ப்புண்டு.

அவனுக்கு வேண்டியிருந்தது நிறங்களை மாற்றுவது மட்டும்தான். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் தருகிற தீம்களில் நிறக்குறை உள்ளவர்களுக்கென்றே செய்தவை இருக்கின்றன. அவற்றில் பச்சை, சிவப்புக்குப் பதில் நீலமும் ஆரஞ்சும் வரும்; சிவப்பு-பச்சை குழம்பும் கண்ணுக்கும் அவை தனித்தனியாகத் தெரியும். சாரா டிராஸ்னர் செய்த நைட் அவுல் தீமும் இவர்களை மனதில் வைத்து வடிவமைத்ததுதான். அவன் எடிட்டரில் போட்டுக் காட்டியதும், இரண்டு பக்கத்தையும் விரலால் தொட்டு, "இது போனது, இது வந்தது" என்று வரிவரியாகச் சொன்னான். குறியைப் பார்க்கவே இல்லை.

தீம் தேர்ந்தெடுப்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். நீங்கள் வேலை செய்யும் இடத்தில், வேலை செய்யும் நேரத்தில் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் சொந்த நிரலை, முக்கியமாகக் குறிப்பு வரிகளையும் பிழையைக் காட்டும் அடிக்கோட்டையும் பாருங்கள். ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். தலைவலியோ கண் கூச்சமோ வந்தால், எத்தனை பேர் புகழ்ந்த தீமானாலும் மாற்றிவிடுங்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு கோரிக்கை. 11ஆம் வகுப்பில் சி++, 12ஆம் வகுப்பில் பைத்தான் என்று நம் பாடத்திட்டத்திலேயே நிரலாக்கம் வந்துவிட்டது. லேப்பில் முதல் பாடம் தொடங்குவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி, தீம் மாற்றுவதையும் எழுத்தைப் பெரிதாக்குவதையும் சொல்லிக்கொடுங்கள். எந்த இரண்டு நிறம் ஒன்றுபோல் தெரிகிறது என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாகக் கேளுங்கள். அவர்கள் தாமாக வந்து சொல்ல மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும்.