சீனத்துக் குங்பூ பாடசாலையில் இருபத்தெட்டு நாட்கள்

எமது வீடுகளில் குங்பூ படம் பார்க்காத பிள்ளைகள் குறைவு. நாங்கள் ஊரில் ஜெனரேற்றர் போட்டு, வாடகைக்கு எடுத்த ரீவியில் புறூஸ் லீயைப் பார்த்தோம். இங்கு பிறந்த பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பார்க்கிறார்கள். பார்ப்பதோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. இப்போது சீனாவிலுள்ள குங்பூ பாடசாலைகள் வெளிநாட்டவரையும் சேர்த்துக்கொள்கின்றன. ஒரு மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று கட்டணம் போட்டு விளம்பரமும் செய்கின்றன. "அம்மா, என்னை அங்கே அனுப்புங்கோ" என்று பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்வது? இந்தக் கேள்வி எங்கள் குடும்பத்தில் வந்தது. நேரில் போய்ப் பார்த்தேன். கண்டதை எழுதினால் வேறு பெற்றோருக்கும் உதவும் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் ஊரில் சாதாரண தரம் வரை படித்தவன். 2010இல் ஜேர்மனிக்கு அகதியாக வந்தேன். வாகன உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் காலை, மாலை, இரவு என்று மாறி மாறி வேலை. எனது அக்காவின் மகனுக்குப் பதினெட்டு வயது. பாடசாலை முடித்து, மெக்கற்றோனிக் தொழில் பழக ஒரு நல்ல கொம்பனியில் அவுஸ்பில்டுங் இடமும் கிடைத்திருந்தது. 2025 செப்ரெம்பர் 1ம் திகதி தொடங்கவேண்டும். அவனோ அதை விட்டுவிட்டு ஒரு வருடம் ஷாவோலின் போகப்போவதாக நின்றான். அத்தான் முடியாது என்றார். அக்கா வீட்டு முற்பணத்துக்கென்று சேர்த்த சீட்டுக் காசை எடுத்துக் கொடுக்கவும் தயாராக இருந்தா. கடைசியில் அக்காதான் ஒரு வழி சொன்னா: "தம்பி, உனக்கு லீவு இருக்குத்தானே. நீயும் கூடப் போய் ஒரு மாதம் நிண்டு பார். அதுக்குப் பிறகு அவனே முடிவெடுக்கட்டும்." அப்படித்தான் ஓகஸ்ட் மாதம் நாங்கள் இருவரும் சீனா போய்ச் சேர்ந்தோம்.

கோயில் வேறு, பாடசாலை வேறு

ஷாவோலின் கோயில் சீனாவின் ஹெனான் மாகாணத்தில், சொங்ஷான் மலையடிவாரத்தில் இருக்கிறது. பக்கத்து நகரம் டெங்ஃபெங். ஜெங்ஜோ நகரத்துக்கு விமானத்தில் போய், அங்கிருந்து வாகனத்தில் போகலாம்.

முதலில் பிள்ளைகள் விளங்கிக்கொள்ளவேண்டியது ஒன்று. குங்பூ படிக்கப் போகிறவர்களில் பெரும்பாலானோர் கோயிலுக்குள் துறவிகளுடன் இருப்பதில்லை. கோயில் ரிக்கற் எடுத்துப் பார்க்கும் இடமாகவும் இருக்கிறது. நாள் முழுக்கச் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். பயிற்சி நடப்பது டெங்ஃபெங்கிலும் அதைச் சுற்றியும் உள்ள தனியார் பாடசாலைகளில். முன்பு கோயில் வாசல் வரை இருந்த பாடசாலைகளையும் கடைகளையும் 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு அரசாங்கம் அகற்றி நகரப் பக்கம் அனுப்பிவிட்டது.

இந்தப் பாடசாலைகள் பெருகியதற்கு ஒரு படம் முக்கிய காரணம். 1928இல் யுத்தப் பிரபுக்களின் சண்டையில் கோயிலின் பெரும்பகுதி எரிந்துபோனது. அதன் பின் பல வருடங்கள் அது பாழடைந்து கிடந்தது. 1982இல் ஜெட் லீ நடித்த 'ஷாவோலின் கோயில்' படம் வெளிவந்தது. சீனா முழுவதிலுமிருந்து இளைஞர்கள் வீட்டை விட்டுப் புறப்பட்டு அங்கே வந்தார்கள். இன்று மிகப் பெரிய பாடசாலை 1978இல் தொடங்கிய 'டாகோ'. பல்லாயிரம் மாணவர்கள் அங்கே தங்கிப் படிக்கிறார்கள். 2008 பீஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவில் அவர்கள் பெருந்தொகையாக நிகழ்ச்சி செய்ததைப் பலர் ரீவியில் பார்த்திருப்பீர்கள். நாங்கள் போனது அவ்வளவு பெரியதல்ல. சில நூறு சீனப் பிள்ளைகளும் பதினைந்து வெளிநாட்டவரும் இருந்த ஒரு சிறிய பாடசாலை.

ஒரு நாள் எப்படிப் போகும்?

காலை ஐந்தரைக்கு விசில் ஊதும். முகம் கழுவிக்கொண்டு ஓடவேண்டும். திரும்பி வந்து கால் நரம்புகளை இழுத்து விடும் பயிற்சி. பிறகு காலைச் சாப்பாடு. ஒன்பதுக்கு முன் அடுத்த பயிற்சி, மத்தியானம் வரை. சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் படுக்கலாம். பின்னேரம் மறுபடி பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. ஓகஸ்ட் வெயிலில் சீமெந்துத் தரை கொதிக்கும்.

படத்தில் வருவதுபோலப் பாய்வதும் பறப்பதும் முதல் வாரத்தில் கிடையாது. 'மாபூ' என்ற ஒரு நிலை. குதிரையில் இருப்பதுபோல கால்களை அகட்டி, தொடை தரைக்குச் சமமாக வரும்வரை பதிந்து நிற்கவேண்டும். முதல் நாள் எனக்கு ஒரு நிமிடத்திலேயே தொடை நடுங்கத் தொடங்கியது. பக்கத்தில் பத்து வயதுச் சீனப் பையன் ஒருவன் நெற்றியில் வியர்வை வழிய, அசையாமல் நின்றான். அதன்பின் முன்காலை மடித்துப் பின்காலை நீட்டும் 'கொங்பூ'. இப்படி ஐந்து அடிப்படை நிலைகளையும் சேர்த்து ஒரு சிறு தொடர் பழக்குகிறார்கள். மூன்றாவது வாரத்தில்தான் 'சியாவ் ஹோங் சுவான்' என்ற தொடரின் தொடக்க அசைவுகள் வந்தன.

சீனர்கள் 'சி கூ' என்று ஒரு சொல் சொல்வார்கள். கசப்பைச் சாப்பிடுவது என்று பொருள். கஷ்டத்தை முகம் சுளிக்காமல் தாங்குவதற்கு அந்தப் பெயர். இரவு வேலை முடித்துப் பனியில் பஸ்ஸுக்கு நிற்கும் எம்மவர்க்கு இதை விளக்கத் தேவையில்லை.

சாப்பாடு பற்றி அக்காமார் கேட்பீர்கள். ஹெனான் கோதுமை விளையும் இடம். சோறு குறைவு. 'மன்தோ' என்று ஆவியில் அவித்த பாண், கையால் இழுத்த நூடில்ஸ், கஞ்சி, மரக்கறி, கொஞ்சம் இறைச்சி. அக்கா கட்டித் தந்த மிளகாய்த்தூள் இரண்டாவது வாரத்திலேயே முடிந்துவிட்டது. அதில் பாதியைத் தீர்த்தது போலந்துப் பெடியன் ஒருவன்.

"நல்லது, நல்லது"

வெளிநாட்டவருக்கு அறை வேறு, வகுப்பு வேறு, கட்டணமும் வேறு. உள்ளூர்ப் பிள்ளைகள் ஒரு அறையில் பலராக இரட்டைக் கட்டில்களில் படுத்தார்கள். எங்களுக்கு இருவருக்கு ஓர் அறை. கட்டணம் அவர்களுடையதைவிடப் பல மடங்கு. விமான ரிக்கற்றும் சேர்த்து எனது இரண்டு மாதச் சம்பளம் கரைந்தது.

பத்து நாள் போனபின் மருமகன் ஒரு விடயத்தைக் கவனித்தான். எங்கள் பயிற்சியாளர் இருபத்திரண்டு வயது இளைஞர். அவர் சீனப் பையன்களிடம் போய் முழங்காலைத் தட்டுவார், இடுப்பை அமத்துவார், திரும்பச் செய் என்பார். ஒரே பையனை ஒரு காலையில் இருபது தரம் திருத்துவார். எங்களிடம் வந்தால் சிரித்துக்கொண்டு "நல்லது, நல்லது" என்று கடந்து போய்விடுவார். "மாமா, நான் பிழையாய்த்தான் செய்யிறன். அவர் என்னைத் திருத்துறாரே இல்லை" என்றான் மருமகன்.

காரணம் விளங்காததல்ல. வெளிநாட்டவர் காசு கட்டி வந்தவர்கள். ஒரு மாதத்தில் போய்விடுவார்கள். அதட்டினால் கோபிப்பார்கள். மனம் கோணாமல் அனுப்பிவிடுவதே பாடசாலைக்கு நல்லது.

அன்றிரவு அவன் கைத்தொலைபேசி மொழிபெயர்ப்பில், தன்னை உள்ளூர்ப் பிள்ளைகளின் வரிசையில் விடும்படி எழுதிக் காட்டினான். பயிற்சியாளர் வாசித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். ஆனால் மறுநாள் விசில் ஊதியதும் அவனைக் கூப்பிட்டு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கிடையில் நிறுத்தினார். ஆறடி உயரமான பெடியன் நடுவில் நிற்க, பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அன்றிலிருந்து அவனுக்கு "நல்லது" கிடைக்கவில்லை. முழங்காலில் தட்டு விழுந்தது. பின்னேரம் படி ஏற முடியாமல் கைபிடியைப் பிடித்துக்கொண்டு வந்தான். ஆனாலும் அந்தப் பதினெட்டு நாளில்தான் அவன் ஏதோ கற்றான் என்பதை நான் என் கண்ணால் கண்டேன்.

இங்கு புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். வேலையிடத்தில் எங்கள் பிழையைப் பார்த்தும் சிரித்துவிட்டுப் போகிறவரிடம் நாங்கள் எதையும் கற்பதில்லை. "அப்படி இல்லை, இப்படி" என்று திரும்பத் திரும்பச் சொல்லும் ஆளால்தான் மொழியும் வேலையும் வருகின்றன. அவர் எங்களைத் தங்களில் ஒருவராக எண்ணியபடியால்தான் திருத்துகிறார்.

உள்ளூர்ப் பிள்ளைகளின் கதை

அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளில் பலர் கிராமத்து ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். தாய் தகப்பன் தூர நகரங்களில் தொழிற்சாலை வேலை. பிள்ளை பாடசாலையில் தங்கிப் படிக்கிறது. பாதி நாள் படிப்பு, பாதி நாள் பயிற்சி. வளர்ந்தபின் இராணுவம், பொலிஸ், காவல் வேலை, பயிற்சியாளர் வேலை என்று போவார்கள். படத்தில் நடிக்கப் போகிறவர் மிகச் சிலர். அவர்களுக்குக் குங்பூ பொழுதுபோக்கல்ல, பிழைக்கும் வழி. ஐரோப்பாவில் அவுஸ்பில்டுங் இடத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் பிள்ளை இதை நேரில் பார்ப்பது நல்லது.

போதிதர்மர் எங்களவரா?

2011இல் 'ஏழாம் அறிவு' படம் வந்தபின், காஞ்சிபுரத்துத் தமிழரான போதிதர்மரே சீனருக்குக் குங்பூ படிப்பித்தார் என்று எமது பிள்ளைகள் நம்புகிறார்கள். மருமகனும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்தான். கோயிலுக்கு மேலே மலையில் அவர் தியானம் செய்ததாகக் காட்டும் குகைக்கும் ஏறிப் பார்த்தோம். சீனர்கள் அவரை 'தாமோ' என்று பெரும் மதிப்புடன் வணங்குகிறார்கள்.

ஆனால் வரலாற்று ஆய்வாளர்கள் சொல்வது வேறு. போதிதர்மர் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்புகளில் 547ஆம் ஆண்டளவில் எழுதப்பட்டது அவரைப் பாரசீகர் என்கிறது. அவரது மாணவரோடு தொடர்புடைய இன்னொன்று தென்னிந்திய அரசகுமாரர் என்கிறது. இரண்டிலும் சண்டைக் கலை பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவர் பெயரில் உலாவும் உடற்பயிற்சி நூல் 1600களில் எழுதப்பட்டது. கோயிலை 495ஆம் ஆண்டளவில் தொடக்கியவர் வேறோர் இந்தியத் துறவி. சீனர் அவரை 'பாதுவோ' என்பர். ஷாவோலின் துறவிகள் ஆயுதம் ஏந்திப் போரிட்டதற்கு உறுதியான ஆதாரம் 621ஆம் ஆண்டுச் சண்டை பற்றியது. 728இல் வெட்டிய கல்வெட்டு இன்றும் கோயிலில் இருக்கிறது.

ஆகவே இந்தியத் துறவிகளின் தொடர்பு உண்மை. குங்பூவைத் தமிழர் கொடுத்தார்கள் என்பதற்கு ஆதாரமில்லை. அது சீன மக்கள் பல நூறு வருடம் வியர்வை சிந்தி வளர்த்த கலை. படிக்கப் போகும் இடத்தில் "இது எங்களுடையது" என்று சொல்லிக்கொண்டு நின்றால், கற்றுக்கொள்வது கஷ்டம்.

போக நினைப்பவர்கள் கவனிக்க

1. ஜேர்மனி, பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளின் சாதாரண கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு, 2024 நவம்பர் முதல் 30 நாள் வரையான குறுகிய பயணத்துக்குச் சீனா விசா கேட்பதில்லை. இது காலவரையறையுள்ள சலுகை; போகுமுன் விசாரியுங்கள். அகதிகளுக்கான பயணப் பத்திரம் இதில் அடங்காது. அதை வைத்திருப்பவர்கள் ரிக்கற் போட முன்னரே சீனத் தூதரகத்தில் எழுத்தில் கேளுங்கள்.

2. நீண்ட காலம் படிக்க மாணவர் விசா வேண்டும். 180 நாளுக்குக் குறைவானதற்கு ஒருவகை, கூடியதற்கு இன்னொருவகை. பாடசாலை அதற்கான கடிதம் தரக்கூடியதா என்று காசு அனுப்ப முன் கேளுங்கள்.

3. ஹோட்டலில் தங்காத வெளிநாட்டவர் 24 மணித்தியாலத்துக்குள் பொலிஸில் பதிய வேண்டும். பாடசாலை அதைச் செய்கிறதா என்று பாருங்கள்.

4. ஜேர்மனியின் அரச மருத்துவக் காப்புறுதி சீனாவில் செல்லாது. பயணக் காப்புறுதி எடுங்கள். முழங்காலிலோ நாரியிலோ ஏற்கனவே நோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேளுங்கள்.

5. வட்ஸ்அப் அங்கே தடைசெய்யப்பட்டிருக்கிறது. வீட்டிலுள்ளவர்களின் தொலைபேசியிலும் 'வீசற்' போட்டுவிட்டுப் போங்கள். இல்லையென்றால் அம்மா அழுதுகொண்டிருப்பா.

6. ஷாவோலின் என்ற பெயரை மட்டும் நம்பிக் காசு கட்டாதீர்கள். கோயிலின் தலைமைத் துறவியே 2025 ஜூலையில் நிதி மோசடிக் குற்றச்சாட்டின் பேரில் விசாரிக்கப்பட்டு, துறவுச் சான்றிதழை இழந்தார். முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள்.

வீட்டில் என்ன முடிவு?

கடைசி வாரத்தில் நான் மருமகனிடம் எதுவும் கேட்கவில்லை. விமானத்தில் அவனாகவே சொன்னான்: "ஒரு வருஷம் நிண்டாலும் அந்தச் சின்னப் பெடியன் மாதிரி வராது மாமா. அவனுக்கு அஞ்சு வயசிலை தொடங்கினது. நான் வேலையைப் பழகுறன். மூண்டரை வருஷத்தாலை என்ரை காசிலை திரும்பிப் போறன்." செப்ரெம்பர் முதலாம் திகதி அவன் கொம்பனிக்குப் போனான். அக்காவின் சீட்டுக் காசு அக்காவிடமே இருக்கிறது.

போகவேண்டாம் என்று நான் எந்தப் பிள்ளைக்கும் சொல்லமாட்டேன். அங்கே கற்க நிறைய இருக்கிறது. ஆனால் பெற்றோர் கடன்பட்டு அனுப்பவேண்டிய இடமல்ல. பிள்ளைக்கு உண்மையில் விருப்பமா என்று அறிய ஒரு செலவில்லாத வழி உண்டு. தினமும் விடிய எழும்பி, மூன்று மாதம், ஒரு நாளும் விடாமல் மாபூ நிற்கச் சொல்லுங்கள். பக்கத்து ஊர்க் கழகத்தில் நல்ல ஆசிரியர் இருந்தால் அங்கே சேர்த்துவிடுங்கள். மூன்று மாதம் முடிந்தும் அந்தப் பிள்ளை சீனா போகக் கேட்டால், அப்போது உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்.