வேகம் குறையாமல் சூடு குறைய

சின்ன லேப்டாப்பை மடியில் வைத்து அரை மணி நேரம் வீடியோ கால் பேசினால் தொடை சுடும், ஃபேன் இரையும். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு செப்புக் குழாயும் ஒரு குட்டி ஃபேனும்தான். அடியில் ஸ்டாண்ட் வைப்பதும் தூசு தட்டுவதும் உண்டான சூட்டை வெளியே தள்ளும் வழிகள். சூடு உண்டாவதையே குறைக்கவும் ஒரு வழி உண்டு. அதன் பெயர் அண்டர்வோல்ட்டிங்: பிராசசருக்குப் போகும் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் குறைப்பது.

பிராசசர் வேலை செய்யும்போது செலவாகும் மின்சாரம், வேகம் கூடும் அளவுக்குக் கூடும். மின்னழுத்தம் கூடினாலோ அதன் வர்க்கத்தின் அளவில் கூடும். 1 வோல்ட்டை 0.9 ஆக்கினால் 0.9 × 0.9 = 0.81. பத்து சதவீதம் குறைத்ததற்கு ஏறக்குறைய 19 சதவீதம் மிச்சம். வேகத்தில் கை வைக்கவே இல்லை.

அப்படியானால் தொழிற்சாலையிலேயே ஏன் குறைக்கவில்லை? வளர்கிற பிள்ளைக்குச் சீருடை தைக்கும்போது ஒரு பிடி துணியை உள்ளே மடித்து விடுவோம் அல்லவா, அந்தக் கதைதான். சிப் பழசாக ஆக அதற்குக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படும். திடீரென்று வேலை குவிந்தால் மின்னழுத்தம் ஒரு கணம் சரியும். இவற்றுக்கெல்லாம் சேர்த்துத் தாராளமாக வைத்துத்தான் அனுப்புகிறார்கள். அந்தத் தாராளம் சிப்புக்குச் சிப் மாறும். ஒரே மாடல் லேப்டாப் இரண்டில் ஒன்று தாங்கும் குறைப்பை மற்றொன்று தாங்காது.

2017-இல் வந்த இன்டெல் ஐ5-8250யூ இதற்கு நல்ல உதாரணம். 15 வாட் பிராசசர், நான்கு கோர், மெல்லிய லேப்டாப்புகளில் பரவலாக இருந்தது. விண்டோஸில் த்ராட்டில்ஸ்டாப் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, கோர், கேஷ் இரண்டுக்கும் ஒரே அளவில் மைனஸ் 50 மில்லிவோல்ட் கொடுத்துத் தொடங்கலாம். கனமான சோதனை ஒன்றை அரை மணி நேரம் ஓட விடுங்கள். தாங்கினால் இன்னும் 10 குறையுங்கள். ஹேங் ஆனாலோ நீலத் திரை வந்தாலோ எல்லை தாண்டிவிட்டது என்று பொருள். 10, 15 மில்லிவோல்ட் பின்வாங்குங்கள். சிப் கெட்டுப்போகாது. ஆனால் சேமிக்காத வேலை போகும், எழுதிக்கொண்டிருந்த கோப்பு சிதையலாம். அதனால் முதலில் பேக்கப். சில நாள் பார்க்கும் வரை அமைப்பை நிரந்தரமாகச் சேமிக்கவும் வேண்டாம். அணைத்துப் போட்டால் பழைய நிலைக்கே திரும்பட்டும். கனமான சோதனையில் தேறியது, ஸ்லீப்பிலிருந்து எழும்போதோ சும்மா இருக்கும்போதோ தடுக்கி விழுவதும் உண்டு.

ஒரு விஷயம் பலரைக் குழப்பும். இவ்வளவும் செய்த பிறகும் நீண்ட வேலையில் சூடு குறையாமல் இருக்கலாம். 15 வாட் எல்லைக்குள் முடங்கிக் கிடந்த பிராசசர், மிச்சமான மின்சாரத்தை எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாக ஓடுவதுதான் காரணம். வேகம் வேண்டாம், குளிர்ச்சி போதும் என்றால் வாட் எல்லையையும் சேர்த்துக் குறைக்க வேண்டும்.

உங்கள் லேப்டாப்பில் இந்தக் கதவே பூட்டியிருக்கவும் கூடும். மின்னழுத்தத்தை வேண்டுமென்றே தடுமாற வைத்து, பிராசசருக்குள் காப்பாக வைத்திருக்கும் ரகசியங்களைத் திருட முடியும் என்று 2019 டிசம்பரில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்தத் தாக்குதலுக்குப் பிளண்டர்வோல்ட் என்று பெயர். அதன் பிறகு, லேப்டாப்பைத் தொடங்கி வைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்கு வந்த அப்டேட்டுகள் பல லேப்டாப்புகளில் இந்த வசதியைப் பூட்டின. பூட்டைத் திறக்கப் பழைய பயாஸுக்குத் திரும்புவது பாதுகாப்பை விற்றுக் குளிர்ச்சி வாங்குவது. அதற்குப் பதில் தூசு தட்டி, காய்ந்த தெர்மல் பேஸ்ட்டை மாற்றி, வேலை கூடும்போது வேகத்தை ஏற்றும் டர்போவை அணைத்துப் பாருங்கள். உச்ச வேகம் குறையும், சூடும் நன்றாகவே குறையும்.

இன்று ஒழுங்காக ஓடும் குறைப்பு இரண்டு மூன்று வருடம் கழித்து நீலத் திரை காட்டலாம். அப்போது லேப்டாப் பழுது என்று பதறிக் கடைக்கு ஓடும் முன் 10, 20 மில்லிவோல்ட்டைத் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். பிள்ளை வளர்ந்துவிட்டது, உள்ளே மடித்த துணியைக் கொஞ்சம் பிரித்துவிட்டால் சரியாகிவிடும்.